மகாராணி எந்தத் தமிழில் பேசுவாள்?

குன்னூருக்கு இன்னும் இரண்டே வளைவுகள்தான் இருந்தன. நடுச்சாலையில் ஒரு காட்டெருமை நின்றுகொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்கள். அதற்கு மேலே ஒரு கறுத்த பாறை. ஜீப் ஓட்டிவந்த மூர்த்தி என்ஜினை அணைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"ஹாரன் அடித்தால் போய்விடாதா?" என்று கேட்டேன்.

"அடிக்கலாமுங்க. அடிச்சதுக்கப்புறம் அது என்ன பண்ணும்னுதானுங்க தெரியாது. கம்முனு இருங்க, அதுவாப் போயிரும்."

எங்கள் ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் சிறுத்தை உண்டு. ஆனால் அது மனிதரைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். இந்த எருமைக்கு அப்படி எந்தக் கூச்சமும் இல்லை. சாலை தன்னுடையது என்ற நினைப்பில் இருபது நிமிடம் நின்றது. பிறகு யார் வீட்டுப் பூச்செடியையோ மென்றபடி சரிவில் இறங்கிப் போனது. இலங்கையை விட்டு முதல் முறையாக வெளியே வந்த எனக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடைத்திருக்காது. சிரிப்பு வந்தது. பயமும் வந்தது. இரண்டையும் அடக்காமல் விட்டுவிட்டேன்.

நான் ஹட்டனில் சித்திர ஆசிரியை. வண்ணம் வாங்க முடியாத பிள்ளைகளுக்குத் தேயிலைச் சாயத்தில் வரையக் கற்றுக்கொடுத்து வருகிறேன். அந்தப் படங்களை இணையத்தில் பார்த்துவிட்டு, குன்னூர்ப் பள்ளி ஒன்றில் தமிழ் ஆசிரியராக இருக்கும் சண்முகம் என்னை அழைத்தார். விடுமுறையில் ஐந்து நாள் முகாம். மூன்று பள்ளிகளிலிருந்து இருபத்துநான்கு பிள்ளைகள். பழைய நாடகங்களைச் சேர்ந்து வாசிப்பது, வாசித்ததை வரைவது, வரைந்ததை வைத்து ஒரு காட்சி போடுவது. ஐந்தாம் நாள் ஒரு தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் அரங்கேற்றம்.

சண்முகம் கோயமுத்தூர்க்காரர். வாசலில் நின்றபடியே, "ஏனுங்க டீச்சர், பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா? குளிரு தாங்குமுங்களா?" என்றார். கையில் தேநீரும் ஒரு தட்டு வர்க்கியும் வந்தன. வர்க்கி என்பது அடுக்கடுக்காக உதிரும் ஒரு முறுகலான பிஸ்கட். தேநீரில் நனைத்தால் ஒரு கணம்தான் அவகாசம்; தாமதித்தால் கோப்பைக்குள் விழுந்துவிடும். எனக்கு மூன்று விழுந்தன.

"வழியில் மூர்த்தியோடு நன்றாகக் கதைத்துக்கொண்டு வந்தேன்" என்றேன்.

"கதையா? அவன்கிட்டயா? அவனே ஊர்ப்பட்ட கதை உடுவானுங்களே!" என்று சிரித்தார் சண்முகம். எங்கள் நாட்டில் கதைப்பது என்றால் பேசுவதுதான் என்று விளக்கினேன். மொழி விஷயத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அடுத்த சிரிப்பு இப்படி முடியவில்லை.

மறுநாள் காலை முகாம் தொடங்கியது. ஊட்டியின் விடுதிப் பள்ளியிலிருந்து கம்பளிக் கோட்டும் பளபளக்கும் ஷூவுமாக எட்டுப் பேர். கேத்திப் பள்ளத்தாக்கின் விவசாயக் குடும்பங்களிலிருந்து எட்டுப் பேர். வரும்போதே ஒரு மூட்டை காரட் கொண்டுவந்திருந்தார்கள். மண் வாசனையோடு கழுவி அப்படியே கடித்தோம், அவ்வளவு இனிப்பு. மீதி எட்டுப் பேர் சண்முகத்தின் பள்ளியில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள். மூன்று கூட்டமும் மூன்று மூலையில் உட்கார்ந்தது.

சண்முகம் மூன்று விதமான பழைய நாடகங்களிலிருந்து ஒவ்வொரு காட்சியை வாசிக்கக் கொடுத்தார். கிரேக்க நாடகத்தில் சாவை மேடையில் காட்டமாட்டார்கள். ஒரு தூதுவன் ஓடிவந்து வாயால் சொல்வான், முகமூடி போட்ட ஊரார் கூட்டமாக நின்று கேட்பார்கள். வடமொழி நாடகத்தில் ராஜா ஒரு மொழியில் பேசுவான்; பெண்களும் வேலைக்காரர்களும் வேறொரு மொழியில் பேசுவார்கள். நம் கூத்தில் ஆடுகிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் நடுவே கட்டியங்காரன் ஒருவன் நின்று இரு பக்கமும் பேசுவான்.

"இந்த மூணையும் கலக்கி நம்மளா ஒரு காட்சி பண்ணுனா என்னங்க சார்?" என்று கேட்டாள் கேத்தியைச் சேர்ந்த ரம்யா. அறை ஒரே இரைச்சலாகிவிட்டது. மதியச் சோற்றுக்குள் கதை தயார். போருக்குப் போன மகனுக்காக அரண்மனை வாசலில் காத்து நிற்கிறாள் ஒரு மகாராணி. ஊரார் சுற்றி நிற்கிறார்கள். தூதுவன் வருகிறான். அவ்வளவுதான். சாப்பாடு அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்து நெய் விட்ட சாதம். மூன்று மூலைக் கூட்டமும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி வந்தது.

பிற்பகலில் என் முறை. இரண்டு தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்து இரண்டு சாயம் எடுத்தோம். குன்னூர்த் தூளின் நிறம் செம்மண்ணுக்குப் பக்கம். எங்கள் ஹட்டன் தூள் தேன் நிறத்துக்குப் பக்கம். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறவைத்த நீரை அதன் மேல் ஒரு சொட்டு விட்டேன். பழுப்பு நொடியில் கறுப்பாக மாறியது. "ஏய், மேஜிக்!" என்று கத்தினான் விடுதிப் பள்ளி ஆதித்யா. அதன் பிறகு யாரையும் பிடித்து வைக்க முடியவில்லை. அரண்மனையும் போர்க்களமும் எரியும் படகுகளும் தாளில் தேநீர் மணத்தோடு எழுந்தன.

தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருத்தியின் கை தனியாகத் தெரிந்தது. தூரிகை எடுக்காமல் விரலாலேயே மகாராணியின் முதுகை வரைந்துகொண்டிருந்தாள். முகம் இல்லை, முதுகு மட்டும். காத்திருக்கிறாள் என்று அந்த முதுகே சொன்னது. பெயர் கேட்டேன். நிரோஷினி. எங்கள் ஊர்ப் பெயராக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள், எழுதியதை வாசிக்காமல் அவரவர் வாயில் வருவதைச் சொல்லிப் பார்க்கச் சொன்னார் சண்முகம். மகாராணியாக நிரோஷினி எழுந்தாள். சால்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"எம் மகன் வாற வரைக்கும் என்னால உள்ளுக்குப் போக ஏலாது."

'ஏலாது' என்பது எங்கள் சொல். என் அம்மா ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் சொல். கடலுக்கு இந்தப் பக்கம், ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் வாயில் அதை எதிர்பார்க்கவே இல்லை. முன்பு இலங்கைத் தோட்டங்களிலிருந்து இங்கே அனுப்பப்பட்ட குடும்பம் அவளுடையது என்று அந்த நொடியில் புரிந்தது.

"ஏலாதா? ஏலக்காயா?" என்றான் ஆதித்யா. விடுதிப் பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள். "சிலோன் மகாராணி!" என்றது இன்னொரு குரல்.

நான் அப்போது அவளுக்காகப் பேசியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "மகளே, மகாராணி அப்படிப் பேசமாட்டாள். 'முடியாது' என்று சொல்லுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. நிரோஷினி சால்வையை மடித்து நாற்காலியில் வைத்தாள். "அப்ப நான் படம் மட்டும் வரையிறேன் டீச்சர்" என்றாள். ஆனால் அன்று முழுவதும் அவள் எதையும் வரையவில்லை. மூன்றாம் நாள் காலை வரவும் இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? நானும் லயத்தில் பிறந்தவள்தான். பத்து வீடுகள் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் தோட்டத்து வரிசை வீட்டில். ஆசிரியர் கல்லூரிக்குப் போனபோது நகரத்துப் பெண்கள் என் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அன்றிலிருந்து நாக்கை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். இருபது வருடமாக என் மாணவிகளுக்கும் அதையேதான் செய்கிறேன், அவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு.

சண்முகத்திடம் சொன்னேன். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "போயி ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க டீச்சர். வேற ஆள மகாராணியாப் போடறதுன்னா எனக்கும் மனசு வரலீங்க" என்று மட்டும் சொல்லி மூர்த்தியை அழைத்தார்.

மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துப் பாதையில் அரை மைல் போவதற்குள் ஜீப் சேற்றில் அமர்ந்துவிட்டது. மூர்த்தி இறங்கிப் பார்த்து, "இனி இது நகராதுங்க. நீங்க நடங்க, நான் கல்லு போட்டுப் பாக்கறேன்" என்றார். குடையைப் பிடித்துக்கொண்டு தேயிலை நடுவே ஏறினேன். செடிகள் அதே செடிகள். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள்கூட அதே மாதிரி. கண்ணை மூடித் திறந்தால் எந்த நாடு என்று சொல்ல முடியாது. காலில் ஏறிய அட்டைகளும் எங்கள் அட்டைகளின் உறவுக்காரர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமையாதலால் நிரோஷினியின் அம்மா செல்வமணி வீட்டில் இருந்தார். கொழுந்து பறிக்கிறவர். என் காலைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் உப்பை எடுத்துவந்து அட்டைகளின் மேல் போட்டார்.

"ஹட்டன்ல இருந்து வந்த டீச்சரா? எங்க அம்மா பொறந்ததும் அந்தப் பக்கந்தான், டிக்கோயா. ஒக்காருங்க. தேத்தண்ணி ஊத்தவா? சாயம் வேணுமா, பால் போடவா?"

பால் இல்லாத தேநீரை எங்கள் வீட்டிலும் 'சாயம்' என்றுதான் சொல்வோம். தேங்காய்ப்பூ போட்ட தடித்த ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் வந்தன. இந்தியாவுக்கு வந்த நான்கு நாளில் முதல் தடவையாகக் கண்ணில் நீர் வரக் காரத்தோடு சாப்பிட்டேன். நிரோஷினி சமையலறை வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். எட்டிப் பார்க்கவில்லை.

எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. ஆசிரியர்களுக்கு அது குறைவு. அதனால் என் வீட்டில் பேசுவது போலவே பேசிவிட்டேன்.

"நான் செஞ்சது பிழை புள்ள. அந்தப் பேச்சு என் பேச்சு. என்னைப் பார்த்து ஆளுங்க சிரிச்சிருக்காங்க, அந்தப் பயத்துல உன்னை நிப்பாட்டிட்டேன்."

பிறகு அவள் ஒரு தாளோடு வெளியே வந்தாள். வகுப்பில் முதுகாக மட்டும் இருந்த மகாராணி இப்போது திரும்பி நின்றாள். பட்டுச் சேலை இல்லை. கொழுந்து பறிப்பவர்கள் மழைக்கு இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு. தலையில் முக்காடு, முக்காட்டின் மேல் கிரீடம். கண்கள் சாலையில்.

"சார் சொன்னாருதானே டீச்சர்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "அந்தக் காலத்து நாடகத்துல ராணிகூட வீட்டுப் பாஷைதான் பேசுவான்னு. ராஜாவுக்குத்தான் பெரிய பாஷை. அப்ப எங்க ராணி எங்க வீட்டுப் பாஷை பேசினா எப்படிப் பிழையாகும்?"

"இதை அப்படியே வந்து வகுப்பில கேளு" என்றேன். செல்வமணி மகளைப் பார்த்தார். "போயிட்டு வா. சிரிச்சா சிரிக்கட்டும், பல்லு வலிச்சா நிப்பாட்டிருவாங்க" என்றார்.

இறங்கி வரும்போது மூர்த்தி ஜீப்பைக் கிளப்பியிருந்தார். தலை முதல் கால் வரை சேறு. "காட்டெருமையே பரவால்லீங்க" என்றார்.

நான்காம் நாள் நிரோஷினி வந்தாள், படத்தைச் சுவரில் குத்தினாள், கேள்வியைக் கேட்டாள். அவ்வளவுதான் தேவைப்பட்டது. இருபத்துநான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ரம்யா எழுந்து, "அப்படீன்னா ஊராரா நிக்கற நாங்க படுக மொழியில பேசுவோம். எங்க ஊட்ல நாங்க அதானே பேசறோம்" என்றாள். கேத்திப் பிள்ளைகள் அங்கேயே ஒரு வரியைத் தங்கள் மொழியில் பாடிக் காட்டினார்கள். 'மலை பார்த்துக்கொண்டிருக்கிறது, மலை சொல்லாது' என்று அதற்குப் பொருள் சொன்னாள் ரம்யா.

தூதுவன் எந்தப் பேச்சில் பேசுவான் என்ற கேள்வி மிஞ்சியது. ஆதித்யாதான் தூதுவன். அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். "எங்க அப்பாவுக்குப் பொள்ளாச்சில மண்டிங்க சார்" என்றான். "ஊட்டுக்குப் போனா நானும் கொங்குத் தமிழ்தான் பேசுவனுங்க. ஹாஸ்டல்ல கிண்டல் பண்ணுவாங்கன்னு..." நிரோஷினியின் பக்கம் திரும்பி, "ஏலக்காய்னு சொன்னது தப்பு. ஸாரி" என்றான்.

"சரி" என்றாள் அவள். "ஆனா நீ நல்லா ஓடி வரணும். மூச்சு வாங்கணும். நேத்து நடந்து வந்தியாமே, ரம்யா சொன்னா."

அதன் பிறகு வேலைதான். தேயிலைப் பெட்டி அட்டைகளில் ஊராருக்கு முகமூடிகள் வெட்டினோம். பழைய படுக்கை விரிப்புகளைத் தைத்து ஒரு பெரிய திரையாக்கி, அதில் அரண்மனைக்குப் பதிலாக மலைச்சரிவை வரைந்தார்கள். சரிவின் வளைந்த பாதை மட்டும் ஆணி நீர்க் கறுப்பில். ஒரு கெட்டில் நிறையச் சாயம் போட்டு வைத்திருந்தோம். வரைவதற்கு வைத்த சாயத்தைச் சண்முகம் தேநீர் என்று குடித்துவிட்டார். "கொஞ்சம் கசக்குதுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் நாள் பிற்பகல். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தின் முன்னால் இருக்கும் மைதானம். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் அப்படியே வந்தார்கள். கேத்தியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். ஆதித்யாவின் அப்பாகூடப் பொள்ளாச்சியிலிருந்து வந்து, குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் தயார். அப்போது மூடுபனி இறங்கியது.

சும்மா இறங்கவில்லை. ஐந்து நிமிடத்தில் திரையும் மலையும் பாதையும் மறைந்தன. இரண்டு நாள் உழைப்பு பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. சில பிள்ளைகள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார்கள். கட்டியங்காரன் வேடத்தில் இருந்த சிறுவன்தான் சமாளித்தான். முன்னால் வந்து, "ஏனுங்க, எங்க ராஜ்ஜியம் பனிக்குள்ள போயிருச்சு. பாக்கோணும்னா பக்கத்துல வாங்க!" என்று கூவினான். சிரித்துக்கொண்டே கூட்டம் முழுவதும் எழுந்து முன்னால் நகர்ந்தது. பெண்கள் நடிகர்களின் காலடியிலேயே அமர்ந்தார்கள். மேடை என்று தனியாக ஒன்று இல்லாமல் போயிற்று.

முகமூடி அணிந்த ஊரார் பாடியபடி பனிக்குள்ளிருந்து வந்தார்கள். பின்னால் மகாராணி: படங்குச் சாக்கு, முக்காடு, கிரீடம். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நிரோஷினி வாய் திறந்தாள். "எம் மகன் வாற வரைக்கும் என்னால உள்ளுக்குப் போக ஏலாது."

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவள் நிறுத்தினாள். பயந்து நிறுத்தவில்லை, சிரிப்பு முடியட்டும் என்று காத்திருந்தாள். முடிந்தது. பிறகு இன்னும் மெதுவாக, ஊராரைப் பார்த்துக் கேட்டாள்: "எம் மகனை யாராச்சும் கண்டீங்களா?"

ஊரார் பதில் சொல்வதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா பதில் சொல்லிவிட்டார்.

"வருவான் தாயி. நீ மொதல்ல ஒக்காரு. எவ்வளவு நேரம் நிப்ப?"

இது யாரும் எழுதாத வசனம். சண்முகம் என் கையைப் பிடித்துக்கொண்டார். நிரோஷினி அந்த அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ஒக்கார ஏலாதுக்கா. ஒக்காந்தா தேயிலை மறைச்சிரும். பாதை தெரியாது."

"அது நெசந்தான்" என்றார் இன்னொருவர். அப்புறம் எது நாடகம், எது பேச்சு என்று பிரிக்க முடியவில்லை. படுக மொழியில் ஊரார் பாட, கேத்திப் பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து பாடினார்கள். பனியைக் கிழித்துக்கொண்டு ஆதித்யா ஓடிவந்தான். உண்மையாகவே மூச்சு வாங்கியது. சரிவின் அடியிலிருந்து ஓடிவந்திருக்கிறான்.

"தாயி, ஆத்தத் தாண்டுனது நூறு பேருங்க. திரும்பி வந்தது நான் ஒருத்தனுங்க."

நிரோஷினி நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்தாள். காட்சி முடிந்தது. கைதட்டல் பனியில் எங்கிருந்தெல்லாமோ வந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். பொள்ளாச்சி அப்பா மகனை மார்போடு அணைத்துக்கொண்டு, "நம்ம ஊட்டுப் பேச்சுடா கண்ணு" என்றார். நான் ஏன் அழுகிறேன் என்று மூர்த்தி கேட்டார். சிரிக்கிறேன் என்றேன்.

செல்வமணி மட்டும் கைதட்டவில்லை. என்னிடம் வந்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர். ஒரு கொறை. ஒக்கார ஏலாதுன்னு அத்தன பேருக்கு முன்னால சொன்னவ, செத்த சேதி கேட்டதும் எப்படி ஒக்காருவா? அவளால அப்பவும் ஏலாது."

கேட்டுக்கொண்டிருந்த நிரோஷினி கிரீடத்தைக் கழற்றப் போன கையை இறக்கினாள். ஆதித்யாவைப் பார்த்தாள். அவன் திரும்பிச் சரிவில் இறங்கிப் பனிக்குள் ஓடினான். ரம்யா முகமூடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். புறப்படத் தொடங்கியிருந்தவர்கள் நின்றார்கள். பெண்கள் பழைய இடத்தில் அமர்ந்தார்கள்.

மறுபடி காலடிச் சத்தம். மறுபடி மூச்சிரைப்பு. "தாயி, ஆத்தத் தாண்டுனது நூறு பேருங்க..."

இந்தத் தடவை மகாராணி உட்காரவில்லை. அழவும் இல்லை. தூதுவன் வந்த பாதையையே பார்த்துக்கொண்டு, அவன் பொய் சொல்கிறான் என்பது போல, நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அடுத்த வசனம் எதுவும் இல்லை, யாரும் எழுதியிருக்கவில்லை.

முதலில் எழுந்தது, அவளை உட்காரச் சொன்ன அந்த அம்மாதான். பிறகு பக்கத்தில் இருந்தவர். பிறகு வரிசை வரிசையாக, கொழுந்துக் கறை படிந்த கைகளை முழங்காலில் ஊன்றி, எல்லாரும் எழுந்து அவளோடு நின்றார்கள்.